கிளம்பாத எஞ்சினுக்குப் பள்ளியில் ஓர் இடம் வேண்டும்

உங்கள் புளோக்குக்குக் கீழே புல் வெட்டுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். தோளில் தொங்கும் நீண்ட தண்டு, அதன் ஒரு முனையில் சுழலும் நைலான் இழை, மறுமுனையில் தேங்காய் அளவில் ஒரு பெட்ரோல் எஞ்சின். ஊழியர் அதன் கயிற்றைச் சுண்டி இழுப்பார். இரண்டு, மூன்று இழுப்பில் உறுமத் தொடங்கும். நமக்கு அந்தச் சத்தம் பிடிக்காது. சன்னலைச் சாத்திவிட்டு வீட்டுப்பாடத்துக்குத் திரும்பிவிடுவோம்.

சில நாள் பத்து முறை இழுத்தாலும் அது கிளம்பாது. அடுத்த முறை அப்படி நடந்தால் சன்னலைச் சாத்தாமல் பாருங்கள். அனுபவமுள்ளவர் மேலும் பத்து முறை இழுத்துக் கையை வலிக்கவைத்துக்கொள்ள மாட்டார். சோக் லீவரைப் பழைய இடத்துக்குத் தள்ளுவார். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் நுனியைப் பார்ப்பார். நுனி பெட்ரோலில் நனைந்திருந்தால் துடைப்பார். பிளக் இல்லாமலே கயிற்றை நாலைந்து முறை இழுத்து, உள்ளே தேங்கிய பெட்ரோலை வெளியேற்றுவார். பிறகு பிளக்கை மாட்டி, ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்திக்கொண்டு இழுப்பார். எஞ்சின் இருமிக்கொண்டே கிளம்பும். பக்கத்தில் இருப்பவரிடம் "ஓவராயிடுச்சு" என்பார். உள்ளே போன காற்றுக்குத் தாங்காத அளவு பெட்ரோல் போய்விட்டது என்பதை அந்த ஒரே சொல் சொல்லிவிடுகிறது.

நான் உயர்நிலைப்பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். அவர் இரண்டு நிமிடத்தில் செய்ததை என் மாணவர்களை ஒரு முழுப் பாடவேளையில் செய்யவைக்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். அறிகுறியைக் கவனித்தார். காரணத்தை ஊகித்தார். ஊகம் சரியா என்று பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். பார்த்ததற்கு ஏற்ப அடுத்த வேலையைச் செய்தார். நம் ஆய்வுக்கூடத்தில் நடப்பது வேறு. அளவெடுத்து முடிப்பதற்குள் ஒரு கை உயரும்: "சேர், சரியான விடை எவ்வளவு வரணும்?"

விடை முன்பே தெரிந்த சோதனைகளையே நாம் அதிகம் செய்கிறோம். அதனால் என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒவ்வோர் உயர்நிலைப்பள்ளியிலும் கார்புரேட்டர் உள்ள பழைய மோட்டார்சைக்கிள் எஞ்சின் ஒன்று இருக்க வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதற்காக நான் கேட்கவில்லை. ஆசிரியர் வேண்டுமென்றே அதில் ஒரு கோளாறு வைப்பார், மாணவர்கள் கண்டுபிடிப்பார்கள், அதற்காகக் கேட்கிறேன். அதுவும் சீக்கிரம் வேண்டும். ஏன் சீக்கிரம் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

பெட்ரோல் எஞ்சின் கிளம்ப மூன்று தேவை: காற்றும் பெட்ரோலும் சரியான விகிதத்தில் கலந்த கலவை, அதை நன்றாக அழுத்தும் பிஸ்டன், சரியான நொடியில் ஒரு தீப்பொறி. இந்த மூன்றில் மிகவும் பிடிவாதக்காரர் கலவைதான். 

உயர்நிலை மூன்று, நான்கில் வேதியியல் படிப்பவர்கள் கையில் தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலை வெறும் ஆக்டேன் என்று வைத்துக்கொள்வோம். 2 மோல் ஆக்டேன் முழுமையாக எரிய 25 மோல் ஆக்சிஜன் வேண்டும். எடையில் பார்த்தால் 228 கிராம் ஆக்டேனுக்கு 800 கிராம் ஆக்சிஜன். காற்றின் எடையில் ஆக்சிஜன் 23.2 விழுக்காடு. (21 விழுக்காடு என்று நீங்கள் படித்தது கொள்ளளவில்.) ஆகவே தேவைப்படும் காற்று சுமார் 3,450 கிராம். வகுத்துப் பார்த்தால் ஒரு பங்கு ஆக்டேனுக்குப் பதினைந்து பங்குக் காற்று என்று வரும். எண்ணெய் நிலையத்தில் விற்கும் பெட்ரோல் ஆக்டேன் மட்டுமில்லை, பல ஹைட்ரோகார்பன்கள் சேர்ந்தது. அதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விகிதம் 14.7. 

இதைக் கொள்ளளவுக்கு மாற்றினால் இன்னும் வியப்பாக இருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் 740 கிராம். அதை எரிக்க ஏறத்தாழ 11 கிலோகிராம் காற்று தேவை. நம் ஊர் வெப்பத்தில் அது 9,000 லிட்டருக்கும் அதிகமான இடத்தை அடைக்கும். காசு கொடுத்து வாங்குவது ஒரு லிட்டர், இலவசமாக உள்ளே இழுக்கப்படுவது ஒன்பதாயிரம் லிட்டர். இதைப் பெட்ரோல் எஞ்சின் என்று அழைப்பதே காற்றுக்குச் செய்யும் அநியாயம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

விகிதம் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் எஞ்சின் ஓடும். பெட்ரோல் சற்றுக் கூடினால், அதாவது 12 அல்லது 13 பங்குக் காற்றுக்கு ஒரு பங்கு என்றால், இழுவை அதிகமாகவே இருக்கும். ஆனால் எல்லை உண்டு. காற்றில் பெட்ரோல் ஆவி கொள்ளளவில் சுமார் 1.4 விழுக்காட்டுக்குக் குறைந்தாலும் தீப்பற்றாது, 7.6 விழுக்காட்டுக்கு மிஞ்சினாலும் தீப்பற்றாது. புல் வெட்டும் எஞ்சினில் நடந்தது இரண்டாவது வகை. உள்ளே பெட்ரோல் ததும்புகிறது, தீப்பொறியும் பறக்கிறது, ஆனாலும் எரியவில்லை. 

இதே பாடத்தை நீங்கள் உயர்நிலை ஒன்றிலேயே படித்துவிட்டீர்கள், எஞ்சின் என்ற பெயர் இல்லாமல். பன்சன் அடுப்பின் காற்றுத் துளையை மூடினால் மஞ்சள் சுடர். அதில் சோதனைக்குழாயைக் காட்டினால் கரி படியும். துளையைத் திறந்தால் நீலச் சுடர், கரி இல்லை. எஞ்சினுக்குள் எட்டிப்பார்க்க முடியாததால் மெக்கானிக் பிளக்கின் நுனியைப் பார்க்கிறார். வறண்ட கறுப்புக் கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். பட்டறையில் 'ரிச்' என்பார்கள். வெளுத்திருந்தால் காற்று அதிகம், அது 'லீன்'. தே தாரிக் நிறத்தில் இருந்தால் நிம்மதி. புதிதாக மாட்டிய பிளக்கில் இந்த நிறம் ஏறக் கொஞ்ச தூரம் ஓட வேண்டும், ஆகவே நிறத்தை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதக்கூடாது.

கலவையைச் செய்து தருவது கார்புரேட்டர். காற்று போகும் குழாயை நடுவில் ஒடுக்கினால் அங்கே காற்று வேகமெடுக்கும், அழுத்தம் குறையும். அந்த இடத்தில் ஒரு சிறு துளை வைத்து, கீழே ஒரு கிண்ணத்தில் பெட்ரோலை நிறுத்தினால், பெட்ரோல் தானாக மேலேறிப் பொடிப்பொடியாகத் தெறிக்கும். வாசனைத் திரவியத்தைப் பீய்ச்சும் பழங்காலக் குப்பிகளும் இப்படித்தான் வேலை செய்தன. துளையுள்ள அந்தச் சிறு பித்தளைத் துண்டுக்கு ஜெட் என்று பெயர். வேகமாக ஓடும்போது பெரிய ஜெட், நின்றபடி ஓடும்போது சிறிய ஜெட். சிறிய ஜெட்டின் துளை பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. சோக் என்பது காற்று வரும் வாயைப் பாதி அடைக்கும் மூடி. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் சரியாக ஆவியாகாது, அதை ஈடுகட்டக் கலவையை வேண்டுமென்றே 'ரிச்' ஆக்குவதற்கு அது. குளிர்நாட்டுப் பழக்கத்தை அப்படியே பின்பற்றி இங்கே சோக்கை இழுத்தபடியே விட்டுவிடுபவர்கள்தான் பெரும்பாலும் 'ஓவர்' ஆக்கிக்கொள்கிறார்கள்.

இடையில் ஒரு வேடிக்கை. புல்வெட்டும் எஞ்சின்களில் பல 'டூ ஸ்ட்ரோக்' வகை. அவற்றுக்குப் பெட்ரோலோடு எண்ணெயையும் கலந்து ஊற்ற வேண்டும். "பாதுகாப்புக்கு இருக்கட்டும்" என்று எண்ணெயை அதிகமாகக் கலந்தால் என்ன ஆகும்? புகை கூடும், அது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஜெட் வழியே போகும் திரவத்தில் எண்ணெயின் பங்கு கூடுவதால் பெட்ரோலின் பங்கு குறைகிறது. காற்றோ அதே அளவு. ஆகவே கலவை 'லீன்' ஆகிவிடும். எண்ணெயைக் கூட்டினால் பெட்ரோல் குறைகிறது என்பதை வகுப்பில் சொன்னால் பாதிப்பேர் நம்ப மாட்டார்கள். நம்பாதவர்களை எனக்குப் பிடிக்கும்.

கோளாறு கண்டுபிடிப்பது எப்படி இருக்க வேண்டும் என்று நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். கொவிட்-19 பரவலை முறியடிக்க 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நாம் வீட்டுக்குள் இருந்தோம். சரியாக எட்டு வாரங்கள். நம்மோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான மோட்டார்சைக்கிள்களும் நின்ற இடத்திலேயே நின்றன. எங்கள் புளோக்கில் மூன்றாம் மாடியில் இருக்கும் அண்ணனின் பழைய 110 சிசி வண்டியும் அவற்றில் ஒன்று. ஜூன் கடைசியில் அதை உதைத்து உதைத்துக் களைத்துப்போனார். "பிளக் புதுசு, பெட்ரோல் இருக்கு, வேற என்னதான் வேணும் இதுக்கு?" என்று வண்டியிடமே கேட்டுக்கொண்டிருந்தார்.

அவருக்குத் தெரிந்த ஒரு பெரியவர் வந்தார். ஜாலான் புசார் பக்கம் ஒரு பட்டறையில் பல்லாண்டு வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வந்தவர் ஸ்பேனரைத் தொடவில்லை. "தம்பி, கடைசியா எப்ப ஓடுச்சு? நிக்கறதுக்கு முந்தி நல்லா ஓடுச்சா?" என்று கேட்டார். மார்ச் மாதம் நன்றாக ஓடியது. ஆகவே நின்றதால் வரக்கூடிய கோளாறுகளை முதலில் பார்க்கலாம். எஞ்சினை அணைக்கும் சிவப்புச் சுவிட்சைப் பார்த்தார், பெட்ரோல் டேப் திறந்திருக்கிறதா என்று பார்த்தார். இரண்டும் சரி. பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வரப்படும் வண்டிகளில் சில, அந்தச் சுவிட்சைத் தட்டினாலே ஓடிவிடும் என்று சிரித்தார்.

பிறகு சோக் போடாமல் ஐந்தாறு முறை உதைக்கச் சொல்லி, பிளக்கைக் கழற்றினார். நுனி காய்ந்திருந்தது. இந்த ஒரே தகவல் பாதிக் கதையை மூடிவிட்டது. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, நெருப்பு இல்லை அல்லது 'ஓவர்' என்று பொருள். காய்ந்திருந்ததால் பெட்ரோல் சிலிண்டருக்குப் போதுமான அளவு வரவில்லை. அதற்காக நெருப்பு இருக்கிறது என்று அவர் தானாக முடிவுசெய்துவிடவில்லை. "கரண்ட் வருதா பாப்போம்" என்று சிலிண்டரின் துளையைத் துணியால் அடைத்து, பிளக்கை அதற்கு எட்டவே எஞ்சின் உலோகத்தில் சாய்த்துவைத்து உதைக்கச் சொன்னார். நீலப் பொறி பளிச்சென்று பறந்தது. (பெட்ரோல் ஆவி அருகில் தீப்பொறி என்பதால் இது தெரிந்தவர் செய்ய வேண்டியது. நீங்கள் முயலவே கூடாது.)

அடுத்து, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தினார். பெட்ரோல் வடிந்தது. ஆக, டேங்கிலிருந்து கிண்ணம்வரை வழி திறந்திருக்கிறது. வடிந்ததை ஒரு வெள்ளைத் தாளில் விட்டுப் பார்த்தார். மங்கிய பழுப்பு நிறம். வழக்கமாக முகர்ந்தே சொல்லிவிடுவாராம், அன்று முகக்கவசம் போட்டிருந்ததால் கண்ணை நம்பினார். நாள்பட்டால் பெட்ரோலிலுள்ள எளிதில் ஆவியாகும் பொருள்கள் போய்விடும். மிச்சமிருப்பது மெல்ல பிசினாகி, எங்கே துளை மிகச் சிறியதோ அங்கே முதலில் அடைக்கும்.

இப்போது சோக்கை இழுத்துவிட்டு உதைக்கச் சொன்னார். எஞ்சின் கிளம்பியது! அண்ணன் கைதட்டினார். பெரியவர் சோக்கை மெல்லத் திறந்தார். நின்றுபோனது. மறுபடி சோக், கிளம்பியது. திறந்தார், நின்றது. எனக்கு இந்த இடம்தான் மிகவும் பிடித்தது. சோக் என்பது வண்டியைக் கிளப்பும் கருவி என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் கையில் அது அளவுகோலாகிவிட்டது. கலவையை 'ரிச்' ஆக்கினால் எஞ்சின் தேறுகிறது என்றால், அது இவ்வளவு நேரம் 'லீன்' ஆக இருந்திருக்கிறது. தேறாமல் இன்னும் மோசமாகி இருந்தால் எதிர்ப்பக்கம் தேட வேண்டும்.

'லீன்' என்று தெரிந்துவிட்டது. காரணம்? சிறிய ஜெட் அடைத்திருக்கலாம். அல்லது கார்புரேட்டரையும் எஞ்சினையும் இணைக்கும் ரப்பர் வெடித்து, அந்த வழியாக வேண்டாத காற்று நுழையலாம். இரண்டுக்கும் அறிகுறி ஒன்றே. இங்கேதான் நம்மில் பலர் "ஜெட்தான், கழற்று" என்று பாய்ந்திருப்போம். அவர் சோக்கில் எஞ்சினை ஓடவிட்டு, ரப்பர் இணைப்பைச் சுற்றிக் கொஞ்சம் சோப்புத் தண்ணீரைத் தெளித்தார். வெடிப்பு இருந்தால் அந்தத் தண்ணீர் ஒரு கணம் அதை அடைக்கும், எஞ்சினின் சத்தம் மாறும். மாறவில்லை. அதன் பிறகுதான் கார்புரேட்டரைக் கழற்றினார். சிறிய ஜெட்டை வானத்தை நோக்கிப் பிடித்து எங்களிடம் காட்டினார். துளை வழியே வெளிச்சம் வரவில்லை.

மின்கம்பியிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையால் அதைச் சுத்தம் செய்தார். எஃகு ஊசி பித்தளைத் துளையைப் பெரிதாக்கிவிடும் என்றார். மாட்டி, டேங்கிலிருந்த அதே பழைய பெட்ரோலையே விட்டு உதைத்தார். சோக் இல்லாமல் கிளம்பியது. அதற்குப் பிறகுதான் பெட்ரோலை மாற்றச் சொன்னார். முதலிலேயே மாற்றியிருக்கலாமே என்று கேட்டேன். "மாத்தியிருந்தா, எதனால சரியாச்சுன்னு எப்படித் தெரியும்?" என்றார்.

தொடக்கப்பள்ளியில் 'ஃபேர் டெஸ்ட்' என்று நீங்கள் படித்தது இதுதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. ஆனால் அங்கே எதை மாற்ற வேண்டும் என்று கேள்வித்தாளே சொல்லிவிடும். இங்கே அதையும் நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். பிளக், பெட்ரோல், கார்புரேட்டர், ஏர் ஃபில்டர் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினாலும் வண்டி ஓடும். பணம்தான் கூடப் போகும், அடுத்த மாதம் அதே கோளாறு வந்தால் மறுபடி எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

இனி, ஏன் சீக்கிரம் என்ற கேள்வி. தேசியச் சுற்றுப்புற வாரியம் 2018 ஏப்ரலில் ஒரு திட்டத்தை அறிவித்தது. 2003 ஜூலை 1ஆம் தேதிக்கு முன் பதிவான மோட்டார்சைக்கிள்கள் 2028 ஜூன் 30க்குள் சாலைகளிலிருந்து விலக வேண்டும். முன்கூட்டியே பதிவை நீக்கிய உரிமையாளர்களுக்கு ஐந்தாண்டுகளுக்கு 3,500 வெள்ளி வரை ஊக்கத்தொகை தரப்பட்டது. அந்தக் காலம் 2023 ஏப்ரலில் முடிந்தது. அதற்குப் பிந்திய கார்புரேட்டர் வண்டிகள் சில இன்னும் கொஞ்ச காலம் ஓடும். ஆனாலும், உங்களில் இப்போது உயர்நிலை ஒன்றில் இருப்பவர்கள் 18 வயதாகி ஓட்டுநர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது, புதிதாக வாங்கும் வண்டியில் கார்புரேட்டர் இருக்காது.

இந்த விதியை நான் குறைசொல்லவில்லை. கலவையில் பெட்ரோல் கூடினால் அது அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு வரும். நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினை அந்த வாயு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். எரியாத ஹைட்ரோகார்பன்கள் வெயிலில் ஓசோன் உருவாக வழிசெய்யும். வாகனங்களில் நச்சு வாயுக்களை மாற்றும் வினையூக்கிக் கருவி, விகிதம் 14.7ஐ ஒட்டி இருந்தால்தான் முழுமையாக வேலை செய்யும். ஒரு ஜெட்டும் ஒரு திருகும் அவ்வளவு துல்லியத்தைத் தர முடியாது. இவ்வளவு நெருக்கமாக வாழும் ஒரு தீவில் பழைய வண்டிகளைப் பழம்பாசத்துக்காக ஓட்டிக்கொண்டிருப்பதில் நியாயமில்லை. சாலையிலிருந்து அவை போகட்டும். போகும்போது ஒவ்வொரு பள்ளிக்கும் ஓர் எஞ்சினை விட்டுவிட்டுப் போகட்டும் என்பதே நான் கேட்பது.

"இப்போதுதான் எல்லாம் கணினியாகிவிட்டதே, பழைய எஞ்சினை வைத்து என்ன படிப்பது?" என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இன்றைய வாகனங்களில் புகைக்குழாயில் ஓர் ஆக்சிஜன் உணரி இருக்கிறது. அது தரும் மின்னழுத்தம் 0.45 வோல்ட்டுக்கு மேலே போனால் 'ரிச்', கீழே போனால் 'லீன்' என்று கணினி புரிந்துகொண்டு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. கோளாறு வந்தால் ஒரு குறியீட்டையும் பதிந்துவைக்கிறது. கார்களில் 'பி0171' என்று ஒரு பொதுக் குறியீடு உண்டு. கலவை 'லீன்', என்னால் ஈடுகட்ட முடியவில்லை என்று பொருள்.

சரி, ஏன் 'லீன்'? குறியீடு அதைச் சொல்லாது. எங்கோ ஒரு குழாய் வெடித்துக் காற்று நுழையலாம். பெட்ரோல் பம்ப் பலவீனமாகி இருக்கலாம். காற்றை அளக்கும் உணரியில் அழுக்கு படிந்து, அது பொய்க் கணக்குச் சொல்லலாம். ஆக்சிஜன் உணரியே கெட்டுப்போயிருக்கலாம். குறியீட்டைப் பார்த்ததும் உணரியை மாற்றிவிடும் மெக்கானிக், ஸ்கேனர் வைத்திருந்தும் ஊகித்துத்தான் வேலை செய்கிறார். சோப்புத் தண்ணீர் தெளித்த பெரியவர் கையில் ஸ்கேனரைக் கொடுத்தால் சரியான அடுத்த கேள்வியைக் கேட்பார். மருத்துவருக்கும் இதே கதைதான், காய்ச்சல் 39 டிகிரி என்று வெப்பமானி சொல்லும், அதற்குமேல் அவர்தான் தேட வேண்டும். கார்புரேட்டர் எஞ்சினின் அருமை, தேடும் வழி முழுவதும் கண்ணுக்கும் காதுக்கும் கைக்கும் எட்டும்படி இருப்பது.

கோயம்புத்தூரின் ஜி.டி. நாயுடுவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1893இல் பிறந்தவர், பள்ளிப் படிப்பைச் சீக்கிரமே விட்டவர். ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் 'ரட்ஜ்' மோட்டார்சைக்கிளைப் பார்த்து மயங்கி, உணவகத்தில் வேலைசெய்து காசு சேர்த்து, 300 ரூபாய்க்கு அதை வாங்கினார் என்பது அவர் வாழ்க்கை வரலாற்றில் தவறாமல் வரும் கதை. வாங்கியவர் ஓட்டிப் பெருமைப்படுவதற்கு முன் அதைக் கழற்றிப் போட்டு மறுபடி பூட்டினார். பின்னாளில் பஸ் நிறுவனமும் மோட்டார் தொழிற்சாலையும் நடத்தினார். இந்தக் கதையைச் சொல்பவர்கள் "மேதை" என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு: கழற்றிப் பார்க்க அவர் கையில் ஒரு பொருள் இருந்தது. நம் மாணவர்கள் கையில் இருப்பவை பெரும்பாலும் கழற்ற முடியாதபடி ஒட்டப்பட்டவை.

பள்ளிக்கு எஞ்சின் எங்கிருந்து கிடைக்கும்? முன்பு என்றால் லிட்டில் இந்தியாவை ஒட்டி இருந்த சுங்கை ரோடு சந்தையில் ஒரு சுற்றுச் சுற்றுங்கள் என்று சொல்லியிருப்பேன். பழைய கருவிகளும் உதிரிபாகங்களும் தரையில் பரப்பிக் கிடந்த அந்தச் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதி மூடப்பட்டது. இப்போது பதிவு நீக்கப்படும் வண்டிகள் உடைப்புக்குப் போகின்றன, அல்லது கப்பலேறுகின்றன. உடைப்புக்குப் போவதில் ஓர் எஞ்சினைப் பள்ளி கேட்டு வாங்குவது இயலாத காரியமில்லை. 2028 கடந்த பிறகு கேட்டால் கிடைப்பது கடினம்.

பெட்ரோல் பள்ளிக்குள் வருமா, தீ விபத்து ஆகாதா என்று பெற்றோர் கேட்பார்கள். பெட்ரோல் ஒரு சொட்டுக்கூட வேண்டாம். கார்புரேட்டரில் தண்ணீர் விட்டு, சிறிய ஊதுவிசிறியால் காற்று செலுத்தினாலே ஜெட்டிலிருந்து தெறிப்பதைப் பார்க்கலாம். ஒரு ஜெட்டில் மெழுகை அடைத்துவைத்துவிட்டுத் தேடச் சொல்லலாம். பிளக் துளையைக் கட்டைவிரலால் மூடி, எஞ்சினைக் கையால் சுற்றினால் அழுத்தம் இருக்கிறதா என்று விரலே சொல்லும். ரிச், லீன் பாடத்துக்குப் பன்சன் அடுப்பு இருக்கவே இருக்கிறது. உயர்நிலைப்பள்ளிகளில் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்துக்கான பட்டறை ஏற்கெனவே உண்டு. நேரம் எங்கே என்று கேட்டால், ஆண்டிறுதித் தேர்வு முடிந்து பள்ளி மூடும்வரை உள்ள நாள்களில் நாம் படம் போட்டுக் காட்டுகிறோமே, அந்த நாள்கள் போதும்.

தேர்வில் இது வருமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, வராது.

இன்னொரு காரணத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். "ஒழுங்காப் படிக்கலன்னா மெக்கானிக்காத்தான் போகணும்" என்ற வாக்கியத்தை நம் வீடுகளில் இன்னும் கேட்கிறேன். தொழில்நுட்பக் கல்விக் கழகத்துக்குப் போகும் மாணவனின் பெயரைச் சொல்லும்போது உறவினர்களின் குரல் கொஞ்சம் இறங்குவதையும் கேட்கிறேன். உயர்நிலைப்பள்ளியில் பழைய பிரிவுகள் 2024இல் சேர்ந்த மாணவர்களிலிருந்து நீக்கப்பட்டுவிட்டன. குரல் மட்டும் இன்னும் மாறவில்லை. என் வகுப்பில் நான் எதிர்பார்ப்பது ஒன்று உண்டு. ரப்பரா ஜெட்டா என்று பிரிக்க ஒரு சோதனையை முதலில் யோசித்துச் சொல்பவர், எப்போதும் அதிக மதிப்பெண் எடுப்பவராக இருக்க மாட்டார். அன்றைக்கு வகுப்பு அவரை வேறு விதமாகத் திரும்பிப் பார்க்கும். ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டில் நம்மைக் கடந்து நடக்கும் ஊழியர்களில் எத்தனை பேர் வாரம் முழுக்க இப்படிப்பட்ட முடிவுகளை எடுக்கிறார்கள் என்றும் யாராவது ஒரு மாணவர் யோசிக்கக்கூடும்.

எஞ்சின் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இதைத் தாளிலேயே முயன்று பாருங்கள். ஒரு பழைய மோட்டார்சைக்கிள் தேக்காவிலிருந்து உட்லண்ட்ஸுக்குக் கிளம்புகிறது. இருபது நிமிடம் நன்றாக ஓடிவிட்டு, திணறி நின்றுவிடுகிறது. ஐந்து நிமிடம் ஓய்வு கொடுத்தால் கிளம்பும், மறுபடி நிற்கும். டேங்க் நிறைய பெட்ரோல் இருக்கும் நாள்களில் இன்னும் சீக்கிரம் நின்றுவிடுவதாக உரிமையாளர் சொல்கிறார். ஒருவர் சொல்கிறார்: தீப்பொறிக்கு மின்சாரம் தரும் சுருள் சூடேறி வேலைநிறுத்தம் செய்கிறது, ஆறியதும் சரியாகிறது. இன்னொருவர் சொல்கிறார்: டேங்க் மூடியில் காற்று நுழைவதற்கான நுண்துளை அடைத்திருக்கிறது, பெட்ரோல் கீழே இறங்க முடியவில்லை. இரண்டுமே ஐந்து நிமிட ஓய்வை விளக்குகின்றன. உரிமையாளர் சொன்ன நிறைந்த டேங்க் விவரம் இவற்றில் யார் பக்கம் நிற்கிறது? பாயில் விதி படித்தவர்கள் அதிலிருந்து தொடங்கலாம். கருவி எதுவும் இல்லாமல், வண்டி நின்ற அதே இடத்தில், ஒரே ஒரு செயலால் இரண்டையும் எப்படிப் பிரிப்பீர்கள்?